முடவன்பாறைத் திருவிழாவும் பூங்காவனத்தின் முட்டைகளும்

போன மாதம் போளூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. எங்கள் மின்சார அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பொறியாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவள். ஆனாலும் என்னைப் பற்றி ஏதோ கேள்விப்பட்டிருக்கிறாள். "அக்கா, கரண்ட் போனதுக்கு நஷ்ட ஈடு கேட்ட கேசுல முட்டையெல்லாம் உடைச்சுப் பார்த்தீங்களாமே, நெஜமா?" என்று கேட்டாள்.

நிஜம்தான். ஆனால் அவள் காதுக்கு வந்த கதையில் நாங்கள் அந்த முட்டைகளை ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டதாகவும் இருந்தது. ஆள் ஓய்வு பெற்றுப் போனதும் ஆபீஸ் கதைகளுக்குக் கை கால் முளைத்துவிடும். அந்த முட்டைகளின் வாடையை ஒரு முறை மோந்திருந்தால் ஆம்லெட் என்ற சொல்லே யார் வாயிலும் வராது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆட்களின் பெயரையும் சின்ன ஊர்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

வரப்போகிற புது மீட்டர்கள் கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று தாமே சொல்லிவிடுமாம். இழப்பீடும் தானாகவே பில்லில் ஏறிவிடுமாம். அந்தப் பெண் கண்கள் பளபளக்கச் சொன்னாள். நல்ல விஷயம்தான். அப்படி ஒரு மீட்டர் அன்றைக்கு இருந்திருந்தால் எங்களுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் கரண்ட் ஏன் போனது என்பதை எந்த மீட்டரும் கண்டுபிடித்திருக்காது. அந்த 'ஏன்' என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

என் வேலைக் காலத்தின் முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணக்கீட்டாளர் என்று பெயர், வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கும் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரே ஒரு நாள் கூடவே வந்து காட்டினார், அதோடு பயிற்சி முடிந்தது. படவேட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நாய்களுக்குப் பயந்து மீட்டர் பார்த்ததிலேயே பாதி சர்வீஸ் போய்விட்டது. பிறகு பதவி உயர்வு கொடுத்து, வருவாய் மேற்பார்வையாளராக்கி, ஜவ்வாது மலை மேலிருக்கும் பிரிவு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மலைக்கு மாற்றல் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பது போல வந்துவிட்டுப் போனார்கள். எனக்கோ உள்ளூர ஒரே குஷி. எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். "உன்னைப் போலீசுல சேத்திருக்கணும்" என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். மலையில் கேட்பதற்கு நிறைய இருக்கும் என்று தோன்றியது.

அங்கே போன பிறகுதான் இழப்பீடு விண்ணப்பங்கள் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. கரண்ட் நெடுநேரம் வராவிட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம் என்பது நிறைய பேருக்கு இன்றும் தெரியாது. விதி இருக்கிறது. ஃபியூஸ் போனால் இவ்வளவு நேரத்துக்குள், டிரான்ஸ்பார்மர் போனால் இவ்வளவு நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கெடு. மலைக்குக் கொஞ்சம் நீளமான கெடு. புகார் கொடுத்த நிமிஷத்திலிருந்து அது ஓட ஆரம்பிக்கும். தாண்டிவிட்டால் ஒரு சிறு தொகையை அடுத்த பில்லில் கழித்துக் கொடுக்க வேண்டும். புயலோ, மரம் விழுந்ததோ காரணம் என்றால் அதுவும் கிடையாது.

இந்த விதியில் என்னை உறுத்திய சங்கதி ஒன்று உண்டு. அது இருட்டை மட்டும்தான் அளக்கும். இருட்டில் என்ன போயிற்று என்று கேட்காது. ஒற்றை பல்பு வைத்திருக்கும் குடிசைக்கும், பெட்டி நிறைய மீன் வைத்திருக்கும் கடைக்கும் ஒரே தொகைதான். அடிவாரத்து விவசாயி ஒருவர், மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து தன் தூக்கம் போனதற்கு நஷ்ட ஈடு கேட்டு மனு எழுதியிருந்தார். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் அவர் கேட்டதில் என்ன தப்பு என்று இருந்தது. விதியில் தூக்கத்துக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக இருந்தவர் தணிகாசலம் சார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. புகார் சொல்ல வருகிறவர் உட்காரும் வரை அவரும் உட்கார மாட்டார். மலை ஜனங்கள் ஆபீசுக்குள் வந்தால் லேசில் உட்கார மாட்டார்கள் என்பதால் பாதி நாள் இவரும் நின்றுகொண்டேதான் இருப்பார். இரண்டாவது, எதைச் சொன்னாலும் "அதுக்கு முன்னால?" என்று கேட்பார். டி.வி. வெடித்துவிட்டது, கரண்ட் ஆபீஸ்தான் காரணம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அதுக்கு முன்னால? ஸ்டெபிலைசரில் புகை வந்தது. அதுக்கு முன்னால? என்னவோ கருகிய வாடை. அதுக்கு முன்னால? இப்படியே பின்னோக்கிப் போய்ப் போய், கடைசியில் ஸ்டெபிலைசருக்குள் குடியிருந்த பல்லியில் போய் நின்றது. சண்டைக்கு வந்தவர் பல்லியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. இன்றைக்கும் பேரப் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தால் அதைத்தான் கேட்கிறேன்.

பூங்காவனம் ஒரு காலை வேளையில் வந்தாள். ஆலங்கொல்லை என்ற சின்ன ஊர். ஜீப்பில் முடவன்பாறை வரை போய், அங்கிருந்து நடந்து போக வேண்டும். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். மகளிர் குழுக் கடனில் ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்கி வைத்திருந்தாள். பிளைவுட் பெட்டி, உள்ளே பல்புகள், ஒரு குட்டி மின்விசிறி. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தங்கள் நாட்டுக்கோழி முட்டைகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார்கள். மூன்று வாரம் கழித்துக் குஞ்சாக வாங்கிப் போவார்கள். கூலியாக அவளுக்கும் சில குஞ்சுகள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படவேட்டிலிருந்து முனிரத்தினம் என்ற கோழி வியாபாரியும் முட்டை அனுப்புவார். கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறவர்களுக்குச் சேவல் விற்பதுதான் அவர் பிழைப்பு. இப்படி ஒரு நம்பிக்கையில் நடந்துகொண்டிருந்த தொழில்.

முடவன்பாறைத் திருவிழா சமயத்தில் அவளுடைய வீட்டில் கரண்ட் போயிற்று. ஒரு ராத்திரி இல்லை, திருவிழா முடிகிற வரைக்கும் வரவே இல்லை. மலைக் குளிரில் பெட்டிக்குள் இருந்த முட்டைகள் விறைத்துவிட்டன. ஊருக்கு மேலே இருக்கும் பாறை மீது ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஏறிப் போய் புகார் எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். எடுத்தவர், உங்கள் லைனில் கரண்ட் இருக்கிறதே என்றிருக்கிறார். மறுநாள் மறுபடி பாறை ஏறினால் போனில் குறுஞ்செய்தி வந்து காத்திருந்தது. உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது, நன்றி என்று.

அந்தக் குறுஞ்செய்திதான் அவளை உலுக்கிவிட்டது. குஞ்சு வாங்க வந்த முனிரத்தினம் அவள் சொன்னதை நம்பவில்லை. எங்கள் ஆட்கள் யாரிடமோ போனில் விசாரித்திருக்கிறார், அந்த லைனில் தடையே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. பிறகென்ன, பெட்டியைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள், இல்லாவிட்டால் குஞ்சுகளை வேறு யாருக்கோ விற்றுவிட்டுக் கதை விடுகிறாள் என்று ஊர் ஊராகப் பேச்சு. நெல்லிவாசல்நாட்டுக்காரர்களும் இனிமேல் முட்டை தர மாட்டோம் என்றுவிட்டார்கள்.

தணிகாசலம் சார் நின்றுகொண்டே கேட்டார். அவளும் உட்காரவில்லை. நான்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"காசுகீசு இன்னாவோ குடுப்பீங்கன்னு சொன்னாங்க. அது வந்தா வரட்டும், வராட்டிப் போவுது. கரண்ட் இல்லன்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க சார். என் வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டேன்றான்" என்றாள்.

உங்கள் ஊரில் மற்ற வீட்டுக்காரர்களைச் சாட்சி சொல்லச் சொன்னால் போதுமே என்று நான் கேட்டேன். அவர்கள் யாரும் ஊரில் இல்லை என்றாள். முடவன்பாறையில் திருவிழா என்றால் ஆலங்கொல்லையே வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போய்விடும். கொண்டான் கொடுத்தான் எல்லாம் அங்கேதான். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் ஊருக்குள் இருக்கிறவர்கள் எல்லையைத் தாண்டி வெளியே போகக் கூடாது, உள்ளே வருகிறவர்களும் காப்பு அவிழ்க்கும் வரை தங்கியாக வேண்டும். முட்டைகளை நாள் தவறாமல் திருப்பி வைக்க வேண்டுமே என்று இவள் மட்டும் போகாமல் இருந்துவிட்டாள். சாலைக்கு வர வேண்டும் என்றாலும் முடவன்பாறை வழியாகத்தான் வர வேண்டும். உள்ளே கால் வைத்தால் திரும்ப முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திப் பார்த்தாளாம். அங்கே மைக் செட்டு அலறுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

முடவன்பாறையில் கரண்ட் இருந்ததா என்று கேட்டார் சார். அவர்கள் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் எடுத்திருந்தார்கள், லைட்டு பளபளவென்று எரிந்தது, கரண்ட் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை என்றாள். துணை மின் நிலையத்தில் கேட்டோம். அந்தப் பக்கம் போகும் லைன் ஒரு நாளும் நிற்கவில்லை என்றார்கள். ஆக, கரண்ட் போனதைப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள். எதிரே நன்றி சொல்லிய குறுஞ்செய்தி. எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அவளுக்காகக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எப்படிப் போயிருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சார் போகலாம் என்றார். போவதற்கு முன் முனிரத்தினத்துக்கு ஆள் அனுப்பினார். எனக்கு ஆச்சரியம். சண்டைக்காரரை எதற்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்டேன். "சந்தேகப்படறவரு பாக்கலன்னா, நாம பார்த்தது கணக்குல வராது வசந்தாம்மா" என்றார்.

முனிரத்தினம் தடித்த ஆள். நடந்து வரும் வழியெல்லாம் மூச்சு வாங்க வாங்கத் தன் நஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லா முட்டையும் செத்துவிட்டது என்றாலும் சரி, தனக்கு ஐந்தாறு குஞ்சு மட்டும் வந்திருக்கிறதே, கரண்ட் இல்லாமல் அது மட்டும் எப்படிப் பொரித்தது? கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பதில் பூங்காவனத்தின் கொல்லையிலேயே மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு அடைக்கோழிகள். கரண்ட் போனதும் கரியடுப்பை மூட்டி, கம்பளி சுற்றி என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, அடைக்கோழிகளின் அடியில் கொள்ளுகிற மட்டும் முட்டைகளை எடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொருவருடையதிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம். அவளுடைய முட்டைகள் எங்கே என்று சார் கேட்டார். அதை எடுத்து வைக்க இடமில்லை, பெட்டியிலேயே விட்டுவிட்டேன் என்றாள். முனிரத்தினம் குனிந்து அந்தக் கோழிகளை உற்றுப் பார்த்தார்.

கெட்டுப்போன முட்டைகளை அவள் எறியவில்லை. கூடையில் அடுக்கி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருந்தாள். கூடையை எடுத்து வரும்போதே வாடை முன்னால் வந்தது. ஒவ்வொரு முட்டையிலும் கரியால் கோடு போட்டிருந்தாள். முனிரத்தினத்தின் முட்டைகளுக்கு ஒரு கோடு, அவைதான் முதலில் பெட்டிக்குள் போனவை. நெல்லிவாசல்நாட்டு முட்டைகளுக்கு இரண்டு கோடு, ஒரு வாரம் கழித்து. அவளுடையவற்றுக்கு மூன்று கோடு, அதற்கும் ஒரு வாரம் கழித்து.

சார் முனிரத்தினத்தைப் பார்த்து, நீங்களே உடையுங்கள் என்றார். ஒரு தேக்கு இலையை விரித்து, முனிரத்தினம் குந்தினார். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு கோடு போட்ட முட்டைக்குள் முழுக் குஞ்சு இருந்தது. தூவி முளைத்து, அலகு வந்து, இன்னும் சில நாளில் ஓட்டைக் கொத்தியிருக்க வேண்டிய குஞ்சு. இரண்டு கோடு போட்டதில் பெரிய தலையும் கறுத்த கண்ணுமாகப் பிஞ்சு. மூன்று கோடு போட்டதில் ரத்த நூல்கள் மட்டும். இன்னொரு முறை எடுத்தார், இன்னொரு முறை உடைத்தார். வரிசை மாறவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வாடையினால் மட்டும் வந்ததல்ல.

முனிரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். கோழிக்காரருக்கு அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. "ஒழுங்கா பார்த்துக்காம விட்டிருந்தா ஒண்ணொண்ணும் ஒவ்வொரு நாள்ல செத்திருக்கும் சார். இது அப்பிடி இல்ல. முத்தினது, பிஞ்சு எல்லாம் ஒரே நாள்ல நின்னு போயிருக்குது. அது வரைக்கும் நல்லாத்தான் பார்த்திருக்குது" என்றார். பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். சார் மெல்ல, "அதுக்கு முன்னால?" என்றார். சூடு நின்றது சரி. பெட்டி கெட்டதா, கரண்ட் போனதா? பெட்டியைப் போட்டுப் பார்த்தார், ஓடியது. மீட்டர், கம்பம், டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் பார்த்தார், பழுது இல்லை. லைனைத் தலைக்கு மேலே பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். நாங்களும் பின்னாலேயே நடந்தோம். முடவன்பாறையைத் தாண்டி ஓடை வரை போனோம். ஓடைக்கு அந்தக் கரையில், சாலையோரம், ஒரு கம்பத்தில் சுவிட்ச் இருந்தது. கீழே உள்ள கைப்பிடியை இழுத்தால் அதற்கப்பால் உள்ள இரண்டு ஊருக்கும் மின்சாரம் நின்றுவிடும், துணை மின் நிலையத்திலோ லைன் ஓடுவதாகவே தெரியும். கைப்பிடியில் பூட்டு தொங்கியது.

அந்தப் பூட்டின் சாவி வெள்ளையனிடம் இருக்கும். அந்தப் பகுதியில் லைன் வேலை பார்க்கும் எங்கள் கம்பியாளர் அவன். முடவன்பாறையில் பிறந்தவன். திருவிழாவுக்கு லீவு போட்டிருந்தவன் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. ஊருக்குள் அவன் வீட்டுக்குப் போனோம். புளி அடித்துக்கொண்டிருந்தவன் சாரைப் பார்த்ததும் ஓடி வந்தான். மணிக்கட்டில் மஞ்சள் கறை இருந்தது.

ஓடைக்கரை சுவிட்ச்சை யாராவது நிறுத்தினார்களா என்று சார் கேட்டார்.

"நான்தாங்க நிறுத்தனேன்" என்றான். கொஞ்சமும் தயக்கமில்லை. இதை ஏன் கேட்கிறார்கள் என்பது போல எங்களைப் பார்த்தான்.

அம்மன் தேர் போகும் வழியில் எங்கள் லைன் தாழ்வாகப் போகிறது. தேர் கிளம்புவதற்கு முன் லைனை நிறுத்தி, தேர் கடந்த பிறகு போட வேண்டும். எல்லா ஊரிலும் நடப்பதுதான். அவன் ஓடையைத் தாண்டிப் போய், சுவிட்ச்சை இழுத்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு ஊருக்குள் வந்திருக்கிறான். தேர் கடந்ததும் போய்ப் போட்டுவிடலாம் என்று நினைப்பு, கரண்ட் வேலைக்காக அவன் ஒருவன் மட்டும் எல்லை தாண்ட ஊர் சம்மதித்திருந்தது. வந்த இடத்தில் அவனுடைய அண்ணனுக்குக் கால் பிசகிவிட்டது. அம்மனைத் தூக்க வேண்டிய முறை அவர்கள் குடும்பத்துடையது. ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் முன்னிலையில் ஊர் கூடி வெள்ளையன் கையில் காப்பைக் கட்டிவிட்டது. காப்பு கட்டின கையோடு ஊர் எல்லையான ஓடையை யாராக இருந்தாலும் தாண்டக் கூடாது. சுவிட்ச் ஓடைக்கு அந்தக் கரையில். காப்பு அவிழ்த்த பிறகுதான் போய்ப் போட்டிருக்கிறான்.

வெளியூர்க்காரர் யாரிடமாவது சாவியைத் தூக்கிப் போட்டிருக்கலாமே, ஜீப்காரர்கள் ஓடை வரைக்கும் வந்து போகிறார்களே என்று கேட்டேன்.

"அது எப்படிங்க மேடம்? லைனை யார் நிறுத்தறாங்களோ அவங்கதான் திருப்பிப் போடணும். சாவியைக் கை மாத்தக் கூடாது. சாரு தானே சொல்லிக் குடுத்தாரு" என்றான்.

அவன் சொன்னதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கம்பத்தின் மேல் ஆள் இருக்கும்போது கீழே வேறொருவர் லைனைப் போட்டுவிட்ட துயரம் எங்கள் துறையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒன்று சொல்வார்கள். அதற்காகத்தான் அந்த விதி. அதை மீறாத ஆள் வெள்ளையன். ஊர் விதியையும் மீறாத ஆள். இரண்டு பக்கமும் ஒழுங்காக நடந்துகொண்டான். அந்த ஒழுங்கில் லைன் அப்படியே நின்றுபோயிற்று. இப்படி ஒரு பூட்டு என் சர்வீசில் நான் பார்த்ததே இல்லை.

"ஆலங்கொல்லையை நெனச்சியா?" என்று சார் கேட்டார்.

"அங்க யாருங்க கீறாங்க? அந்த ஊரே எங்க வூட்டுலதான் துன்னுக்கினு இருந்துச்சு. ஆளே இல்லாத ஊருக்கு லைட்டு எதுக்குன்னு வுட்டுட்டேன்."

"பூங்காவனம் இருந்துச்சு" என்றார் சார்.

பிறகு முட்டை விஷயத்தைச் சொன்னோம். ஊரெல்லாம் பேசியது அவன் காதுக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தாலும் அதற்கும் தன் சாவிக்கும் சம்பந்தம் உண்டென்று அவனுக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. கேட்டு முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவனைத் திட்டத்தான் வாய் வந்தது, ஆனால் திட்ட முடியவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் மேலிடத்திலிருந்து சாருக்கு போன். நான் எதிரே இருந்தேன். ஒரு மரக்கிளை விழுந்ததாக எழுதிவிடுங்கள், எல்லாருக்கும் நல்லது என்றார்கள். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான யோசனைதான். கரண்ட் போனது உண்மை என்று ஆகிவிடும், பூங்காவனத்தின் பேர் தப்பும். இயற்கைக் காரணம் என்பதால் இழப்பீடு தேவையில்லை. வெள்ளையனின் தலையும் தப்பும். நான்கூட உள்ளுக்குள் சபாஷ் போட்டேன் என்பதை மறைப்பானேன். சார் போனை வைத்துவிட்டு வெள்ளையனைக் கூப்பிட்டு, இப்படிச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"கிளை விழுந்துச்சுன்னா வந்து எடுத்திருப்போம்ல சார். எடுக்க ஏன் வரலைன்னு அந்தக்கா கேட்டா இன்னா சொல்றது?" என்றான் வெள்ளையன்.

சார் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். வெள்ளையனுக்கு மெமோ வந்தது, ஓர் ஊதிய உயர்வும் தள்ளிப்போயிற்று. அதற்காக அவன் யாரையும் நொந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. அறிக்கை அனுப்பிய வாரமே, முட்டை கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் பூங்காவனம் வீட்டு வாசலுக்கு வரச் சொன்னார் சார். யாரும் உட்காரவில்லை, அதனால் அவரும் நின்றார். கரண்ட் இல்லை என்று இந்த அம்மா சொன்னது உண்மை, தடையே இல்லை என்று நாங்கள் சொன்னதுதான் பொய், சரிசெய்தோம் என்று அனுப்பிய செய்தியும் பொய் என்று அவர் சொன்னார். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் பத்துப் பேர் முன்னால் இப்படிச் சொன்னதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வெள்ளையன் முன்னால் வந்து, நிறுத்தினது நான்தான் அக்கா என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான். முனிரத்தினம் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. அடுத்த வாரம் முட்டை கொண்டுவருகிறேன், பெட்டியைக் காலியாக வைத்திரு என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கக் கிளம்பினார்.

இழப்பீடு அடுத்த பில்லில் கழிந்தது. பெட்டி நிறைய முட்டை போனவளுக்கு அது எந்த மூலைக்கு? எனக்கே கொடுக்கக் கூச்சமாக இருந்தது. பூங்காவனம் பில்லை என்னிடம் நீட்டி, இந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். மின்தடைக்கான இழப்பீடு என்று படித்தேன். "தடைன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறது என்றேன். பில்லை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் வெள்ளையன் திருவிழா லீவுக்கு மனு எழுதிக்கொண்டு வந்தான். எப்போதிலிருந்து எப்போது வரை என்ற இடம் காலியாக இருந்தது. லைனுக்கு இந்தத் தடவை வேறு ஆளைப் போட வேண்டும், நாளைச் சொல், காப்பு எப்போது கட்டுகிறீர்கள் என்று சார் கேட்டார்.

"நாள் இன்னும் வைக்கலைங்க" என்றான் வெள்ளையன். "பூங்காவனக்கா வூட்டுல முட்டை என்னைக்குப் பொரிக்குதுன்னு கேட்டுக்கினு வரச் சொல்லியிருக்காரு ஊர்க் கவுண்டரு. அதுக்கு அப்புறம்தான் சாமிக்கே நாள் பாக்கணுமாம்."

சார் அந்த மனுவை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்.